பொம்மை விமானத்தை உடைக்காதீர்கள்!

சென்ற மாதம் விவசாயத் தொழிலாளர் கூட்டத்துக்காகக் கொல்லிமலை போயிருந்தேன். காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் பஸ் செம்மேட்டில் நின்றபோது பொழுது சாய்ந்துவிட்டது. கூட்டம் முடிந்து பக்கத்து ஊர்த் தோழர் ஒருவர் வீட்டில் தங்கினோம். சொந்தமாகக் கொஞ்சம் மரவள்ளி. மற்ற நாளெல்லாம் கூலி. அவருடைய இளைய மகன் ஒன்பதாவது படிக்கிறான்.

திண்ணை மூலையில் சாக்கை விரித்துப் பையன் எதையோ குனிந்து ஒட்டிக்கொண்டிருந்தான். கிட்டப் போய்ப் பார்த்தேன். சாம்பல் நிறப் பிளாஸ்டிக் துண்டுகள்; ஒரு சின்னப் பசைக் குழாய்; அப்பா கவாத்துக்கு வைத்திருக்கும் கத்தி. பக்கத்தில் ஒரு அட்டைப் பெட்டி. பெட்டியின் மேல் வண்ணப்படம்: நீல வானம், புகை கக்கிக்கொண்டு விழும் ஜெர்மன் விமானம், அதைத் துரத்தும் பிரிட்டிஷ் விமானம்.

"இது ஸ்பிட்பயர், மாமா. ரெண்டாவது உலக யுத்தத்துல ஓட்டுனது. திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலை பாக்குற அண்ணன் போனஸ் பணத்துல வாங்கியாந்துச்சு" என்றான் பையன்.

என்னோடு வந்த தோழர் முகம் சுளித்தார். "யுத்த வெறியைக் குழந்தை கையிலயே கொடுத்துட்டான் முதலாளி. இதை உடைச்சு அடுப்புல போடச் சொல்லுங்க, தோழரே!" என்றார். பையன் இரண்டு கையாலும் விமானத்தை மூடிக்கொண்டான். அவன் அப்பா ஒன்றும் பேசவில்லை. மகனைப் பார்த்தார்; எங்களைப் பார்த்தார்.

உடைக்க வேண்டாம் என்று நான் சொன்னேன். அன்று இருட்டில் இரண்டு வார்த்தையில் சொன்னதை இங்கே விவரமாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் இது ஒரு வீட்டு விஷயம் மட்டுமல்ல. பட்டணத்துக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் கையில் பொட்டலத்தோடு திரும்புகிற ஒவ்வொரு கிராமத்திலும் இந்தக் கேள்வி வரும்.

பொம்மை பிறந்த கதை

இது சாவி கொடுத்தால் ஓடுகிற பொம்மையல்ல. நிஜ விமானத்தின் அளவுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் 72இல் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்தது. ஆறடி மனிதன் இந்தக் கணக்கில் ஓர் அங்குலம். 36 அடி 10 அங்குலம் இறக்கை விரித்த ஸ்பிட்பயர் ஆறங்குலத்துக்குச் சற்றுக் கூடுதல். ஒரு சாணுக்குக் குறைவு. நாலாயிரம் அடி உயரக் கொல்லிமலையையே இப்படிச் சுருக்கினால் 55 அடி, ஒரு பனைமர உயரம்தான் வரும். இதைப் பையனிடம் சொன்னபோது அவன் உடனே மனக்கணக்குப் போட்டுப் பார்த்து, "ஆமா மாமா" என்றான். வகுத்தல் கணக்கைப் பரீட்சைக்காக மட்டும் படித்த பிள்ளை, அதைக் கையால் தொட்டுப் பார்த்தது அன்றுதான்.

வரைபடத்தைப் பார்க்கிறான். எண்ணைத் தேடுகிறான். துண்டை வெட்டி, பிசிறு சீவி, பொருத்தம் பார்த்து ஒட்டுகிறான். ஆலையில் பிட்டரும் டர்னரும் செய்கிற வேலையின் ஆரம்பப் பாடம் இது. உழைப்பாளி வீட்டுப் பிள்ளையின் கையில் இந்தத் திறமை வளர்வதை நாமே தடுக்கலாமா?

ஆனால் எதிர்த்த தோழரின் பேச்சிலும் நியாயம் உண்டு. இந்தப் பொம்மைக்கு யுத்தத்தோடு உள்ள உறவு இன்று நேற்று வந்ததல்ல. இதே 72இல் ஒரு பங்கு அளவில், 'பிராக் பென்குவின்' என்ற பெயரில் பிளாஸ்டிக் மாதிரி விமானங்கள் இங்கிலாந்தில் 1936இல் விற்பனைக்கு வந்தன. யுத்தம் மூண்டதும் மாதிரி விமானங்கள் ராணுவப் பாடசாலைக்குப் போயின. வானத்தில் தெரிவது நம் விமானமா, எதிரி விமானமா என்று கண்டுபிடிக்கச் சிப்பாய்களுக்குப் பழக்க வேண்டுமே! 1942இல் அமெரிக்கக் கடற்படை, ஐந்து லட்சம் மாதிரி விமானங்களை மரத்தில் செதுக்கித் தரும்படி அந்நாட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கேட்டது. அளவு அதே 72இல் ஒரு பங்கு. பிள்ளைகளின் விளையாட்டு யுத்த வேலையாயிற்று.

யுத்தம் முடிந்த பிறகு வியாபாரம் வந்தது. ஏர்பிக்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி 1939இல் தொடங்கியது. ஹங்கேரியிலிருந்து வந்து குடியேறிய நிக்கலஸ் கோவ் என்பவர் அதை ஆரம்பித்தார். அந்தக் கம்பெனி அச்சில் வார்த்த முதல் மாதிரி எது தெரியுமா? சண்டை விமானமல்ல. 1949இல் செய்த பெர்குசன் டிராக்டர்! டிராக்டர் விற்கும் ஏஜண்டுகள் கையில் கொண்டுபோய்க் காட்டுவதற்காகச் செய்தது. சில ஆண்டுகளில் ஸ்பிட்பயர் வந்தது. உழுகிற யந்திரத்தில் தொடங்கிய கம்பெனி சுடுகிற யந்திரத்தால் பெயர் பெற்றது. வெற்றி பெற்ற யுத்தத்தின் கதைக்கு விலை அதிகம் என்று வியாபாரி கண்டுகொண்டான். இன்று அந்தக் கம்பெனியின் பெயரைச் சொன்னால் யாருக்கு டிராக்டர் ஞாபகம் வருகிறது?

யார் பணம்?

பெட்டிக்குள் ஒரு துண்டுத்தாள் இருக்கிறது. விமானி யார், எந்தப் படைப்பிரிவு, எத்தனை எதிரி விமானங்களை வீழ்த்தினார் என்றெல்லாம் இப்படிப்பட்ட தாள்கள் சொல்லும். நல்லது. 1940இல் ஹிட்லரின் விமானப்படையை இங்கிலாந்து வானத்தில் தடுத்து நிறுத்தியது சிறிய காரியமல்ல. அதில் உயிர் விட்ட இளைஞர்களை நாம் இகழவில்லை.

ஆனால் தாள் சொல்லாத ஒன்றை நம் பையன் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த யுத்தத்தில் ஸ்பிட்பயர் ஓட்டிய பிரிட்டிஷ் படைப்பிரிவுகளில் ஒன்று 234ஆம் பிரிவு. ஹரிக்கேன் ஓட்டியது 79. டிபயண்ட் ஓட்டியது 264. இந்த மூன்று பிரிவுகளின் பெயரோடும் 'சென்னை மாகாணம்' என்று சேர்த்து எழுதினார்கள்! ஏன்? சென்னை மாகாணம் விமானம் வாங்கப் பணம் கொடுத்ததால். இப்படியே 129ஆம் பிரிவுக்கு மைசூரின் பெயர். 102ஆம் பிரிவுக்கு இலங்கையின் பெயர்.

அந்த மாகாணத்தில்தான் சேலம் ஜில்லா இருந்தது. சேலம் ஜில்லாவில்தான் இந்தக் கொல்லிமலை இருந்தது. பையனின் பாட்டன் இருந்தான்.

பணம் கொடுக்கலாமா, கூடாதா என்று பாட்டனை யாராவது கேட்டார்களா? இந்தியாவைக் கேட்காமலே 1939இல் வைசிராய் இந்தியாவை யுத்தத்தில் இறக்கினார். அதை எதிர்த்து அக்டோபரில் சென்னை மந்திரிசபை ராஜினாமா செய்தது. பிறகு நடந்தது கவர்னர் ஆட்சி. ஆள் கொடுத்தோ பணம் கொடுத்தோ இந்த யுத்தத்துக்கு உதவக்கூடாது என்ற கோஷத்துடன் 1940 அக்டோபர் 17 அன்று வினோபா தனிநபர் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கினார். அப்படிச் சொன்னவர்கள் ஆயிரக்கணக்கில் சிறைக்குப் போனார்கள். யுத்த நிதிக்குச் செக்கு எழுதியவர்கள் பெரிய மனிதர்கள்தான். ஆனால் ஜமீனின் செக்கு குடியானவன் அளந்த குத்தகை நெல்லிலிருந்து வந்தது. ஆலை முதலாளியின் செக்கு நூலிழையிலிருந்து வந்தது. வேறு எங்கிருந்து வரும்?

சென்னை மாகாணத்தின் பெயரைச் சுமந்த டிபயண்ட் எப்படிப்பட்ட விமானம்? இரண்டு பேர் ஏறுவது. முதுகில் சுழலும் கூண்டு. அதில் நான்கு யந்திரத் துப்பாக்கிகள். முன்னோக்கிச் சுட ஒரு துப்பாக்கிகூட இல்லை! 1940 மே மாதம் டன்கர்க் வானத்தில் எதிரி அதை ஹரிக்கேன் என்று நினைத்துப் பின்னாலிருந்து வந்து அடிபட்டான். சூட்சுமம் தெரிந்ததும் முன்னாலும் கீழேயும் வந்து அடித்தான். ஆகஸ்டு கடைசியில் 264ஆம் பிரிவைப் பகல் சண்டையிலிருந்து விலக்கிக்கொண்டார்கள். பிறகு அது இரவுச் சண்டைக்குப் போயிற்று. அந்தக் கூண்டில் பூட்டப்பட்டுச் செத்தவர்களும் சம்பளத்துக்கு வேலை செய்த இளைஞர்களே.

விமானத்துக்குப் பணம் இருந்தது. மூன்றாண்டு கழித்து, 1943இல், வங்காளத்தில் பஞ்சம் வந்தது. முப்பது லட்சம் பேர் வரை மாண்டார்கள் என்று கணக்கிடுகிறார்கள். அவர்களுக்கு அரிசி அனுப்பக் கப்பல் இல்லை என்றது லண்டன்.

யார் துணி? யார் உலோகம்?

ஆலைத் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சண்டை விமானம் என்றால் முழுக்க இரும்பும் அலுமினியமும் என்றுதான் நினைக்கிறோம். ஹரிக்கேனின் பின்பாதி உடம்பு துணி போர்த்தியது. சட்டத்தின்மேல் லினன் துணியை இழுத்துக் கட்டி, மருந்துப் பூச்சுப் பூசினால் அது முரசுத் தோல்போல் விறைத்துக்கொள்ளும். 264ஆம் பிரிவு பின்னால் ஓட்டிய மஸ்கிட்டோ விமானமோ மரத்தால் ஆனது. ஒட்டுப்பலகை உடம்பின்மேல் மெல்லிய பருத்தித் துணி ஒட்டி அதற்குமேல் வர்ணம் பூசினார்கள்.

அந்தப் பருத்தித் துணிக்குப் பெயர் 'மடபோலம்'. கோதாவரிக் கரையில் நரசாபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஊரின் பெயர் அது. கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே பண்டகசாலை வைத்து, தெலுங்கு நெசவாளர் நெய்த துணியைக் கப்பலேற்றியது. பிறகு நடந்தது உலகம் அறிந்தது. லங்காஷயர் ஆலைகள் அதே துணியை யந்திரத்தில் நெய்தன; நம் தறி படுத்தது; நெசவாளன் கூலியாளானான். துணியின் பெயர் மட்டும் சீமையில் தங்கிவிட்டது. அந்தப் பெயருடைய துணியைப் போர்த்திக்கொண்டு, சென்னை மாகாணத்தின் பெயரைச் சுமந்துகொண்டு மஸ்கிட்டோ பறந்தது. மாதிரிப் பெட்டியில் மஸ்கிட்டோ கிடைக்கிறது. அந்தத் தறிக்காரன் எந்தப் பெட்டியிலும் இல்லை.

உலோகத்துக்கு வருவோம். 1940 ஜூலையில் பிரிட்டிஷ் விமான உற்பத்தி மந்திரி பீவர்புரூக், வீட்டிலுள்ள அலுமினியப் பாத்திரங்களைக் கொடுங்கள், ஸ்பிட்பயராக்கித் தருகிறோம் என்று பெண்களிடம் கேட்டார். சட்டியும் பானையும் மலைமலையாகக் குவிந்தன. ஆனால் விமானத் தொழிற்சாலைகளின் பசி அடுப்படிப் பாத்திரத்தில் தீருகிற பசியல்ல. பிரிட்டிஷ் கயானாவில் வெட்டிய பாக்சைட் கல் கனடாவுக்குக் கப்பலில் போய், அங்கே உருகி அலுமினியமானது. வெட்டியவன் கயானாவின் கறுப்புத் தொழிலாளி.

அதே கல் கொல்லிமலை உச்சியிலும் இருக்கிறது. இந்த மலையின் கல் அந்த யுத்த விமானங்களுக்குப் போகவில்லை. அது பிந்திய கதை. மேட்டூரில் சென்னை அலுமினியக் கம்பெனி 1965இல் உற்பத்தி தொடங்கியது. ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் பாக்சைட் இறங்கியது. நாலைந்து டன் கல் வெட்டினால் ஒரு டன் அலுமினியம். அந்த ஒரு டன்னை உருக்க மின்சாரம் பதினாலாயிரம் யூனிட்டுக்கு மேல். 2008இல் அந்த உருக்கு வேலை நின்றது. மண்வெட்டி பிடித்த மலையாளிப் பழங்குடிக்கு மிஞ்சியது என்ன? தோண்டிய மேடும், பழைய கூலியும்தான். இன்றும் அவன் மிளகு பறிக்கவும் காப்பித் தோட்ட வேலைக்கும் மலையை விட்டு இறங்கிப் போகிறான்.

பையனிடம் இதைச் சொன்னேன். அவன் தன் கையிலிருந்த இறக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப நெஜ ஏரோப்ளேனு செவந்த கல்லுல இருந்தா வருது?" என்றான். ஆம், தம்பி. உன் காலடிக் கல்லிலிருந்துதான் வருகிறது.

கீழே நின்றவர்கள்

மாதிரிப் பெட்டிகளில் மிகவும் பிரபலமான இன்னொன்று, மூக்கில் சுறாமீனின் வாயும் பல்லும் தீட்டிய அமெரிக்க பி-40 விமானம். 'பறக்கும் புலிகள்' என்ற கூலிப் படையினர் ஓட்டியது. 1941 டிசம்பர் 23 அன்றும் 25 அன்றும் ஜப்பானியர் ரங்கூனைக் குண்டு வீசித் தாக்கியபோது, எதிர்த்துப் பறந்தவர்களில் அவர்களும் உண்டு. அந்தச் சண்டையைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன, சினிமா இருக்கிறது, பொம்மையும் இருக்கிறது.

கீழே யார் இருந்தார்கள்? ரங்கூன் துறைமுகத்திலும் ஆலைகளிலும் மூட்டை சுமந்த தெலுங்கரும் தமிழரும் ஒரியரும். அன்று ரங்கூனில் பர்மியரைவிட இந்தியரே அதிகம். ஒளியப் பதுங்குகுழி இல்லாமல், அண்ணாந்து விமானத்தை வேடிக்கை பார்த்த நிலையிலேயே பலர் செத்தார்கள். மிஞ்சியவர்கள் நடந்தார்கள். லட்சக்கணக்கானவர்கள், பெண்டு பிள்ளைகளோடு, காடும் மலையும் கடந்து அஸ்ஸாமுக்கும் சிட்டகாங்குக்கும் நடந்தார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பல்லாயிரம். பர்மாவிலிருந்து நடந்து வந்த தாத்தாவின் கதை தஞ்சையிலும் ராமநாதபுரத்திலும் எத்தனை வீடுகளில் இருக்கிறது! அந்த நடைக்கு மாதிரிப் பெட்டி இல்லை.

இந்தக் குறை வெள்ளையர் விமானத்துக்கு மட்டும் உரியதல்ல. சோவியத் யாக் விமானமும் பெட்டியில் கிடைக்கிறது. அதை ஓட்டிய லிதியா லித்வியாக் என்ற வீரப்பெண்ணின் பெயரும் தாளில் இருக்கும். 1941இல் தொழிற்சாலைகளைக் கழற்றி ரயிலேற்றி யூரல் மலைக்கு அப்பால் கொண்டுபோய், பனியில் நின்று விமானம் செய்த பெண்களும் சிறுவர்களும் அங்கேயும் படத்தில் இல்லை. உழைப்பவனை மறைப்பது பெட்டியின் பழக்கமாகிவிட்டது.

பெட்டியின் அடியில்

கடைசியாகப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்கச் சொன்னேன். அடியில், பொடி எழுத்தில், 'இந்தியாவில் செய்யப்பட்டது' என்று ஆங்கிலத்தில் இருந்தது. பையனுக்கு ஆச்சரியம். சென்ற பதினைந்து ஆண்டுகளில் இந்த பிரிட்டிஷ் பெயருடைய மாதிரிகள் பல நம் நாட்டில் வார்க்கப்பட்டன. பிளாஸ்டிக் மணியை உருக்கி, எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி, ஆறியதும் சட்டத்தோடு எடுக்க வேண்டும். யந்திரத்தருகே நின்று அதை எடுத்தவரும், எண்ணிப் பையில் போட்டவரும், பெட்டி மடித்தவரும் நம்மைப் போன்ற ஆண்களும் பெண்களும்தான். அவர்கள் செய்த பெட்டியை ஒன்று வாங்க, மலையில் ஒரு நாள் கூலி போதாது. அவர்களுடைய பிள்ளைகளில் எத்தனை பேர் இதைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள்?

என்ன செய்வது?

பொம்மையை உடைத்தால் யுத்தம் நிற்காது. பையனின் கை மட்டும் நின்றுபோகும். அதனால் உடைக்க வேண்டாம் என்கிறேன். செய்து முடிக்கட்டும். வர்ணம் தீட்டட்டும். ஆனால் வீட்டிலும் சங்கத்திலும் பெரியவர்கள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்க வேண்டும். இதற்குப் பணம் கொடுத்தவன் யார்? இதைச் செய்தவன் யார்? இது பறந்தபோது கீழே நின்றவன் யார்? இந்த மூன்றுக்கும் விடை தேடுகிற பிள்ளையை எந்த யுத்த வெறியனும் சுலபமாக ஏமாற்ற முடியாது.

அடுத்தது, கைவேலை போனஸ் பணத்தை நம்பி இருக்கக்கூடாது. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் மாதிரி விமானம் செய்வது ஒரு பயிற்சியாகவே இருக்கிறது. அது பட்டணத்துக் கல்லூரிக்கு மட்டும் ஏன்? கொல்லிமலையின் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கும் ஒரு மேஜை, ஓர் அரம், ஒரு வாள், பசை, மரப்பலகை கொடுங்கள் என்று நாம் கேட்க வேண்டும். விமானம் செய்யட்டும். டிராக்டர் செய்யட்டும். ஆலைத் தறி செய்யட்டும். எழுபது வளைவு மலைச் சாலையை 72இல் ஒரு பங்காகச் செய்து, அதை வெட்டிய ஆட்களையும் ஓரங்குல உயரத்தில் நிறுத்தட்டும்! கிராம சபையில் எழுப்ப வேண்டிய கோரிக்கை இது. பெரிய செலவும் இல்லை.

மறுநாள் காலை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது திண்ணையைப் பார்த்தேன். ஸ்பிட்பயர் முடிந்திருந்தது. உடைக்கச் சொன்ன தோழர் அதைக் கையில் வைத்துக்கொண்டு, "சக்கரம் சரியா உக்காரல, தம்பி. இன்னும் கொஞ்சம் சீவணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இருபது வருஷம் ஆலையில் பிட்டராக இருந்தவர். பையனின் அப்பா கத்தியைத் தீட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்.

விமானத்தின் பக்கத்தில் ஒரு சின்ன உருவம் நின்றது. மரவள்ளிக் குச்சியில் செதுக்கியது. சரியாக ஓர் அங்குலம். தலையில் முண்டாசு, கையில் மண்வெட்டி. பெட்டியில் இல்லாத துண்டு அது. பையன் இரவோடிரவாகச் செய்து வைத்திருந்தான்.